மூடுபனிக்கு டிக்கட் எடுத்தவன்

காசு கொடுத்து மூடுபனி பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இலங்கையின் மலையகத்துக் கொட்டகலையில் பிறந்து வளர்ந்தவன் இதை வெளியில் சொல்லக்கூடாதுதான். வீட்டில் தெரிந்து மானம் போய்விட்டது, இனி ஊருக்குத் தெரிந்தால் என்ன!

போன வருசம் பள்ளிக்கூட லீவில் ஆறு நாள் சிங்கப்பூர் போனேன். வாத்தியார் சம்பளத்தில் சிங்கப்பூரா என்று இன்பொக்ஸில் கேட்டவர்களுக்கு: சீட்டு விழுந்த காசு. அங்கே என் கூட்டாளி வேலை செய்கிறான். தேயிலைத் தோட்டத்தில் ஒரே டிவிசன், அடுத்தடுத்த லய வீடு, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கு. நாலு வருசமாக "வாடா, வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நம்ம பாஸ்போட்டை வைத்துக்கொண்டு விசாவுக்கு அலையாமல் போகக்கூடிய நாடுகள் கொஞ்சம்தான், அதில் சிங்கப்பூர் ஒன்று. ஒன்லைனில் வருகை அட்டையை நிரப்பினேன், கட்டுநாயக்காவில் ஏறினேன், நாலு மணித்தியாலத்தில் இறங்கிவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து ரயில் கோச்சியில் கொழும்புக்குப் போக அதைவிடக் கூட நேரம் எடுக்கும்.

போகிறேன் என்று தெரிந்ததும் ஆளுக்கு ஆள் சிங்கப்பூரின் முதல் பிரதமரைப் பற்றிய அந்தப் பழைய பாட்டைப் பாடினார்கள். "லீ குவான் யூ அந்தக் காலத்துல சிலோன் மாதிரி ஆகணும்னு சொன்னாராம், இப்ப பாத்தியா நம்ம நிலமைய." கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். அந்தப் பொற்காலச் சிலோன் யாருடைய சிலோன் ஐயா? 1948இல் தோட்டத்தில் உழைத்த எங்கள் தாத்தாமாரின் பிரஜாவுரிமையைப் பிடுங்கிய சிலோன்தானே? 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு பிரித்த சிலோன்தானே? அதை நினைத்து ஏங்க எனக்கு ஒன்றும் இல்லை. சிங்கப்பூரைப் பார்த்துப் பெருமூச்சு விட வேறு காரணங்கள் உண்டு. உதாரணத்துக்குத் தமிழ். ரயில் நிலையத்துப் பலகையில் தமிழ், எச்சரிக்கை வாசகத்தில் தமிழ். நான் பழக்கதோசத்தில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டே போனேன். ஆறு நாளும் ஒன்றுகூட அகப்படவில்லை. நம்ம ஊர் அரச பெயர்ப்பலகை என்றால் ஒரு பஸ் ஸ்டாண்டிலேயே கொப்பி நிறைந்துவிடும்.

சரி, மூடுபனிக்கு வருகிறேன்.

கூட்டாளிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. அவன் தங்கியிருப்பது துவாஸ் பக்கம் ஒரு டோமிட்டரியில், வெளியாள் அங்கே தங்க முடியாது. அதனால் நான் லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் ஒரு ஹொஸ்டலில், மாடிக் கட்டிலில், எட்டுப் பேரோடு ஒரு அறையில் படுத்தேன். பகலெல்லாம் தனியாகத்தான் சுற்றினேன். ஒரு நாள் பூமலைக்குப் போனேன். பொட்டானிக் கார்டனை அங்கே உள்ள தமிழாட்கள் அப்படித்தான் சொல்வார்களாம். உள்ளே போகக் காசு இல்லை. 1877இல் 22 ரப்பர் கன்றுகள் இங்கேதான் வந்தன. அதற்கு ஒரு வருசம் முந்தி, 1876இல், இலங்கையில் கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்ததும் அதே சரக்குத்தான். கன்றுக்குப் பின்னால் மலாயாவுக்குக் கப்பலில் ஆட்கள் வந்தார்கள், இலங்கைக்குக் கோப்பிக் காலத்திலேயே வரத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பாட்டன் ஏறிய கப்பல் கொஞ்சம் திசை மாறியிருந்தால் நானும் மலேசியாவில் பால்மரத்துக்குக் கீழே பிறந்து, லீவுக்குக் கண்டி பார்க்க வந்திருப்பேன். இதை யோசித்துக்கொண்டே ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் இருந்தேன். பிறகு மழை பிடித்துவிட்டது.

மறுநாள் கடற்கரையோரமாக இருக்கிற அந்தப் பெரிய பூங்காவுக்குப் போனேன், கார்டன்ஸ் பை த பே. இரும்பில் செய்த ராட்சச மரங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள், அதே இடம்தான். அங்கே இரண்டு கண்ணாடிக் கூடங்கள். ஒன்றின் பெயர் முகில் காடு. உள்ளே 35 மீற்றர் உயரத்துக்கு ஒரு மலை கட்டி, அதன் மேலிருந்து அருவி விட்டிருக்கிறார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே போனால் சில்லென்று இருக்கிறது. பாசி, பெரணி, பெகோனியா, மரத்தில் ஒட்டி வளரும் ஒர்கிட். இன்ன நேரத்துக்கு என்று கணக்கு வைத்துக் குழாய் வழியாகப் புகை போல மூடுபனி விடுகிறார்கள். விட்டதும் எல்லோரும் "ஆ" என்றார்கள். நானும் "ஆ" என்றேன். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே உள்ள வெப்பமண்டல மலைப்பிரதேசத்துச் சீதோஷ்ணத்தை அப்படியே இங்கே கொண்டுவந்திருக்கிறோம் என்பது அவர்களுடைய விளக்கம்.

ஆயிரத்துக்கு மேலேயா? கொட்டகலை 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. நுவரெலியா 1,868. ஐயா, இது எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்! நாலு மணிக்கு இறங்குகிற இந்த மூடுபனியில் உடுப்புக் காயாமல், அடுப்பு மேலே கொடி கட்டி, புகை வாடை அடிக்கிற யூனிபோமோடு நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். சிங்கப்பூரை நான் குறை சொல்லவில்லை. நாட்டின் ஆக உயர்ந்த மலையான புக்கித் தீமாவே 163 மீற்றர்தான், முழு நாடும் நுவரெலியா மாவட்டத்தில் பாதிகூட வராது. இல்லாதவன் மலையையே கட்டி வைத்திருக்கிறான், கெட்டிக்காரன். சாங்கி விமான நிலையத்தில் கூரையிலிருந்து கொட்டுகிற 40 மீற்றர் அருவியும் அப்படித்தான். அதைச் செயற்கை என்று சிரிக்க நமக்கு வாயும் இல்லை. மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு நம்ம சென். கிளயர் அருவிக்கே அளந்துதானே தண்ணீர் விடுகிறார்கள்.

வயிற்றெரிச்சல் டிக்கட் காசில்தான். சிங்கப்பூர் வெள்ளியை ரூபாவாக்கி, அந்த ரூபாவைத் தோட்டத் தொழிலாளிக்கு 2024இல் அறிவித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தால் பிரித்துப் பார்த்தேன். ஒரு கிழமைப் பேருக்கு மேலே போகிறது. (தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வியாதி உண்டு. எந்த விலையையும் பேராக, அதாவது ஒரு நாள் வேலைக் கணக்காக, மாற்றிப் பார்க்காமல் தூக்கம் வராது.) அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். "இதுக்கா அம்புட்டுத் தூரம் போன? இங்க வாசக் கதவத் தெறந்தா உள்ளுக்கே வருதே" என்று வொய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் அண்ணி சிரிக்கிற சத்தமும் கேட்டது.

இதெல்லாம் சிரிப்புக்கு. நான் எழுத உட்கார்ந்தது சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி.

ஞாயிறு வரைக்கும் பொறுக்காமல், சனிக்கிழமை அவன் வேலை முடிந்து வரும் நேரம் பார்த்து டோமிட்டரி கேட்டுக்குப் போய் நின்றேன். சொல்லாமல் போனேன், ஆளை அசத்தலாம் என்ற எண்ணம். லொறி ஒன்று வந்து நின்றது. பின்னால் பத்துப் பதினைந்து பேர், தொங்கலில் என் கூட்டாளி. மஞ்சள் பட்டி போட்ட மேலுடுப்பு, ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் சாப்பாட்டுப் பை. முழங்கால் வரைக்கும் வெள்ளைத் தூசி. நல்ல வெளிச்சம், நல்ல கோணம். என் கை தன்னாலேயே போனைத் தூக்கியது.

அவன் என்னைக் கண்டான். சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைத் தூக்கி முகத்தை மறைத்தான்.

"எடுக்காதடா. அம்மா பாத்துரும்."

"சூப்பர்வைசர்னுல்ல ஊர்ல சொல்லியிருக்க?"

"ஏன், சூப்பர்வைசரு லொறியில வரமாட்டானா?" என்று சொல்லி, அதற்குப் பிறகுதான் சிரித்தான். "நாளைக்கு எடு. குளிச்சிட்டு வாறேன்."

திரும்பி வரும் ரயிலில் எனக்கு வேறொரு படம் ஞாபகம் வந்தது. அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்த காலம். ரோட்டோர மலையில் வேலை விழுகிற நாளில் வெள்ளைக்காரர்கள் வேன் நிறுத்தி இறங்குவார்கள். கமராவைக் கண்டதும் அம்மா முதலில் செய்வது கூடையை இறக்கி வைப்பது. பிறகு இடுப்புப் படங்கை அவிழ்ப்பார், தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைப்பார், முடியைக் கையால் தள்ளிவிட்டு நேராக நிற்பார். ஸ்டூடியோவில் நிற்பது போல. உடனே அந்த ஆள் "நோ நோ" என்று கையை ஆட்டி, கூடையை மாட்டு, படங்கைக் கட்டு, அப்படியே குனி என்று சைகை காட்டுவான். அம்மா திரும்பவும் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்வார். அந்தப் படங்கள் எந்த நாட்டில் எந்தச் சுவரில் தொங்குகின்றனவோ! எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை.

அதற்காகப் படம் எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது வியூ பொயின்ட்டுகளில் சேலை கட்டி, கூடை மாட்டிப் படத்துக்கு நின்று காசு வாங்குகிற அக்காமாரை நக்கலடித்துப் பதிவு போடுகிறார்கள் பாருங்கள், அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். கொழுந்து நிறுவையில் கிலோக் கணக்கில் வெட்டு வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். சேலையாவது அவர்கள் விரும்பிக் கட்டியது.

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் கூட்டாளிமாரே, உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். "மலையகம் வாறோம் மச்சான்" என்று வருகிறீர்கள். வாருங்கள், சந்தோசம். ஆனால் வந்ததும் லயத்தை ட்ரோன் விட்டு எடுக்கிறீர்கள், பீலித் தண்ணீரில் குளிக்கிறவர்களை எடுக்கிறீர்கள், என் வீட்டுக்குள் வந்து ஒரு தேத்தண்ணி குடிக்க மட்டும் நேரம் இல்லை, எல்லவுக்குப் போகிற கோச்சிக்கு நேரமாகிவிட்டது. போய்ப் படம் போடுகிறீர்கள், "எளிமையான மக்கள்" என்று. எளிமை ஒன்றும் இல்லை, தண்ணீர் லைன் இல்லை. சிங்கப்பூர் போகும் வரைக்கும் நான் உங்களைத் திட்டிக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். அந்த லொறியைக் கண்டதும் என் கையும் போனைத் தூக்கியதே, அதற்குப் பிறகு அவ்வளவு சத்தமாகத் திட்ட முடியவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கு வந்தான். அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை, கறுப்புக் களிசான், தூரத்திலேயே மணக்கிற சென்ட். தேக்காவில் ஞாயிறு என்றால் ஆள் மேல் ஆள் நடக்கிற கூட்டம். ஊருக்குக் காசு போடுகிறவர்கள், ரீலோட் பண்ணுகிறவர்கள், புல்லில் வட்டமாக உட்கார்ந்து வீடியோ கோலில் பிள்ளைக்கு முத்தம் கொடுக்கிறவர்கள். தேக்கா மார்க்கட்டில் பிரியாணி சாப்பிட்டோம். என்னை ஒரு சதம் எடுக்க விடவில்லை. "இங்க நாந்தான் வீட்டுக்காரன்" என்றான்.

பிறகு அவன் ஊரைக் காட்டினான். அப்படி ஒரு ஊர்சுற்றலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெரிய மோல் ஒன்றுக்குள் போனால் எல்லோரும் கடையைப் பார்க்கிறார்கள், இவன் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறான். ஏசி காற்று வருகிற சதுர ஓட்டைகளை எண்ணுகிறான். "இது நாங்க போட்டது. அந்த மூலையில உள்ளுக்குப் பூந்து படுத்துக்கிட்டுத்தான் முடுக்கனும். மூணு நாள் முதுகு நிமித்த ஏலாமப் போச்சு." மெரினா பேயில் நின்றுகொண்டு, உலகமே படம் எடுக்கிற மூன்று கோபுர ஹோட்டலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டினான். "பதினேழாம் மாடி. எண்ணிப் பாரு. அந்த மாடியில இன்னைக்கும் குளுகுளுன்னு இருக்கும், அது நம்ம கை." நான் கீழே இருந்து எண்ணினேன். பன்னிரண்டில் தப்பிவிட்டது, திரும்ப எண்ணினேன். ஆறு நாளில் நான் ஒழுங்காகப் பார்த்த சிங்கப்பூர் அந்தப் பதினேழாம் மாடி ஒன்றுதான். டிக்கட் எதுவும் எடுக்கவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், வெளிநாட்டில் கூட்டாளி இருந்தால் போய்ப் பாருங்கள். அவனை லீவு போடச் சொல்லி மட்டும் நச்சரிக்காதீர்கள், ஒரு நாள் சம்பளம் வெட்டுப்படும். ஐந்து நாள் நீங்களே அலைந்து திரிந்துவிட்டு, ஆறாவது நாளை அவன் கையில் கொடுங்கள்.

மெர்லயன் சிங்கச் சிலைக்கு முன்னால் அவனை நிறுத்தினேன். சட்டையை இழுத்துவிட்டு, தலையைத் தடவி, கையைக் கட்டி நேராக நின்றான். அப்படியே அம்மா மாதிரி. முழு ஆளாக எடுத்துக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்த அடுத்த நாள் அவன் கொடுத்துவிட்ட பால்மா, சவர்க்காரம், டோர்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு பெரியம்மாவை, அதாவது அவன் அம்மாவை, பார்க்கப் போனேன். முப்பது வருசம் மலையேறிய மனுசி. போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வைத்து, அந்தப் படத்தை மட்டும் நிறைய நேரம் பார்த்தார். விரலால் பெரிசாக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முகத்தைப் பெரிசாக்கினார், சட்டையைப் பெரிசாக்கினார், மெல்ல மெல்லக் கீழே இறக்கிக் காலில் நிறுத்தினார். அப்போதுதான் நானும் பார்த்தேன். இரும்பு மூக்கு வைத்த வேலைச் சப்பாத்து, ஓரத்தில் அந்த வெள்ளைத் தூசி அப்படியே இருக்கிறது. மாற்றுச் சப்பாத்து வைத்திருக்கவில்லை போல.

பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. போனை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, ஹட்டனுக்குப் போனா இத ஒண்ணு கழுவிக்கிட்டு வாறியா? பிரேம் போடனும். காலு வேணாம், முழங்காலோட வெட்டச் சொல்லு."