குயின்ஸ்டவுனில் செத்தது ஆட்டம் மேல் இருந்த ஆசை இல்லை

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவுக்குச் சொந்தமாக ஒரு ஏஎஃப்எல் அணி வரப்போகிறது. ஏஎஃப்எல் என்பது ஆஸ்திரேலிய விதி ஃபுட்பாலின் தேசிய லீக். 2023-இல் உரிமம் கிடைத்துவிட்டது, 2028-இல் களமிறங்கத் திட்டம். மாநிலத் தலைநகர் ஹோபார்ட்டில் 23,000 பேர் உட்காரும், கூரை போட்ட ஸ்டேடியம் கட்டியாக வேண்டும் என்பது ஏஎஃப்எல் வைத்த நிபந்தனை. பேச்செல்லாம் அதைச் சுற்றித்தான். அதே தீவின் மேற்கு ஓரத்தில், குயின்ஸ்டவுன் பக்கம், இதே ஆட்டத்துக்கு ஒரு லீக் இருந்து மறைந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

குயின்ஸ்டவுன், மவுண்ட் லயல் செம்புச் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர். 1896-இல் செம்பை உருக்க உலை மூட்டினார்கள். மலையிலிருந்த மரங்கள் உலைக்கு விறகாகப் போயின. மிச்சத்தைக் கந்தகப் புகை கருக்கியது. அப்புறம் மழை, ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர். மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய் மலைகளை மொட்டையாக்கிவிட்டது. அங்கே புல்தரை எப்படிப் பிடிக்கும்? சரளை பரப்பி அதன்மேல் ஆடினார்கள். எகிறிப் பந்தைப் பிடிப்பது, ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது எல்லாம் அந்தச் சரளையில்தான். விழுந்து எழுந்தால் முழங்காலிலும் முழங்கையிலும் தோல் இருக்காது.

இன்றைக்கு வெளியூர்க்காரர்கள் அந்த மைதானத்தைப் படமெடுத்து "முரட்டு ஆட்கள்" என்று பகிர்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. அங்கே மோதிய கிளப்களின் பெயர்களைப் பாருங்கள்: ஸ்மெல்டர்ஸ், சிட்டி, லயல், கோர்மன்ஸ்டன். ஸ்மெல்டர்ஸ் என்றால் உலையில் வேலை செய்பவர்கள். கோர்மன்ஸ்டன் மலைமேல் இருந்த சுரங்கக் குடியிருப்பு. 1912-இல் சுரங்கத் தீயில் 42 பேரைப் பறிகொடுத்த சமூகம் இது. பிறகு ரோஸ்பெரி போன்ற பக்கத்துச் சுரங்க ஊர்களோடு சேர்ந்து ஆடிய லீக்தான் மேற்கு டாஸ்மேனிய ஃபுட்பால் சங்கம். அதன் வரலாறு, என்னைப் பொறுத்தவரை, அந்தத் தொழிலாளர்களின் வரலாறு.

சின்ன ஊர் லீக் மூடினால் "பசங்களுக்கு ஆர்வம் போச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். குயின்ஸ்டவுன் விஷயத்தில் நான் இதை ஏற்க மாட்டேன். இந்த ஆட்டத்துக்கு ஒரு பக்கம் 18 பேர் வேண்டும். நாலு கிளப் என்றால் களத்துக்கு மட்டுமே 72 பேர், மாற்று ஆட்டக்காரர்கள் தனி. 1969-இல் உலை அணைந்தது. வேலை குறையக் குறையக் குடும்பங்கள் கிளம்பின. கோர்மன்ஸ்டன் கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. லயலும் கோர்மன்ஸ்டனும் ஒரே கிளப்பாகச் சேர்ந்தன. கடைசியில் குயின்ஸ்டவுனுக்கே குரோஸ் என்ற ஒரு கிளப்தான் நின்றது, அதுவும் வடமேற்குக் கரை கிளப்களைத் தேடிப்போய் ஆட வேண்டிய நிலை. சில வார இடைவெளியில் மூன்று தொழிலாளர்கள் இறந்தபின் 2014-இல் சுரங்கமும் நின்றது. இத்தனைக்குப் பிறகும் சரளையில் ஆட ஆள் வந்தார்கள் என்றால் ஆர்வம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

புது அணிக்கு இவ்வளவு செலவழிக்கிற மாநிலம், அதில் ஒரு துளியை மேற்குக் கரைக்கு ஒதுக்கட்டும். அந்த லீக்கில் ஆடியவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் அணிப் படங்களையும் ஸ்கோர் புத்தகங்களையும் வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். ஹோபார்ட்டில் ஸ்டேடியம் எழுந்தால் அதற்குள் ஸ்மெல்டர்ஸுக்கும் கோர்மன்ஸ்டனுக்கும் ஒரு சுவர் கொடுங்கள். இன்றைக்கு ஆடும் குயின்ஸ்டவுன் பிள்ளைகளின் பஸ் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.