நைட் விஷன் வாங்கப் போறீங்களா? 'எக்ஸ்' ஜூம் நம்பரை விட்டுட்டு இதைப் பாருங்க

"கம்மி விலையில நல்ல நைட் விஷன் ஸ்கோப் எது?" என்று கேட்டு, எண்ணூர்ப் பக்கம் ராத்திரியில் பறவை பார்க்கப் போகிற நம்ம ஏரியா பசங்க அடிக்கடி பதிவு போடுகிறார்கள். என் பதில் ஒன்றுதான்: துப்பாக்கியில் மாட்டுகிற ஸ்கோப்பே வேண்டாம், ஒற்றைக் கண்ணால் பார்க்கிற, கையில் பிடிக்கிற மோனாகுலர் வாங்குங்க.

தேடினால் கிடைக்கும் விமர்சனங்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் காட்டுப்பன்றியும் கயோட்டி என்ற நரி மாதிரி விலங்கும் சுடுகிறவர்களுக்காக எழுதியவை. அவர்கள் ஊர்ச் சட்டம் அவர்களுக்கு. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சுடுவது மட்டுமில்லை, கண்ணி வைப்பது, விரட்டிப் பிடிப்பது, கூட்டிலிருந்து முட்டை எடுப்பது, இதில் எதற்காவது முயற்சி செய்வது, எல்லாமே வேட்டைதான். அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில் இருக்கிற உயிர் என்றால் குறைந்தது 3 ஆண்டு, போனால் 7 ஆண்டு உள்ளே. கருவியும் வண்டியும் சேர்ந்து போகும். "கொக்குதானே சார்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

சட்டத்தை விடுங்க, காசுக் கணக்கிலும் ஸ்கோப் நஷ்டம். துப்பாக்கி உதைப்பைத் தாங்கும் உடம்புக்கும், மாட்டுகிற கிளாம்புக்கும், நடுவில் நிற்கிற குறிக்கோட்டுக்கும் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். வக்காவும் (இராக்கொக்கு) கூகை ஆந்தையும் பார்க்க அதில் எதுவும் உதவாது. கண்ணைத் தள்ளி வைத்தே பார்க்க வேண்டிய அமைப்பு என்பதால் கையில் பிடித்தால் படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

சரி, மோனாகுலரில் எது? வெளிச்சத்தைப் பெருக்குகிற டியூப் வைத்த பழைய பாணிக் கருவியில் முதல் தலைமுறை மட்டும்தான் நம் பட்ஜெட்டுக்கு வரும். ஓரத்தில் படம் கலங்கும், பகலில் மூடியைத் திறந்து ஆன் செய்தால் டியூப் கெடும். ஒதுக்கிவிடுங்க. மிச்சம் கேமரா சென்சாரில் படம் காட்டுகிற டிஜிட்டலும், சூட்டைப் படமாக்குகிற தெர்மலும்.

தெர்மல் பெட்டியில் '1000 மீட்டர்' என்று போட்டிருப்பார்கள். அது 'ஏதோ சூடாக இருக்கிறது' என்று தெரிகிற தூரம், அடையாளம் தெரிகிற தூரம் இல்லை. இதற்கு 1958-லிருந்தே ஜான்சன் அளவுகோல் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பொருள் இருப்பது தெரிய அதன் மேல் சுமார் 2 பிக்சல் விழுந்தால் போதும். என்ன வகை என்று புரிய 8, இன்னது என்று சொல்ல 13 பக்கம் வேண்டும். குறைந்த விலை தெர்மலில் வழக்கமாக வருவது 256×192 சென்சார், 12 மைக்ரான் (மிமீயில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிக்சல். 25 மிமீ லென்ஸ் போட்டால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் சுமார் 5 செ.மீ. அறுபது செ.மீ. நீள வக்காவுக்கு 12 பிக்சல் கிடைக்கும், வக்கா என்று தட்டுத்தடுமாறிச் சொல்லலாம். 300 மீட்டரில் நாலே பிக்சல். வக்காவா, யாரோ ஒரு ஆளின் தலையா என்று பந்தயம் கட்டலாம், அவ்வளவுதான். போதாக்குறைக்குக் கண்ணாடி வழியாக தெர்மல் பார்க்காது, காருக்குள் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற நினைப்பு வேண்டாம். அடிமாட்டு விலைக்கு 'தெர்மல்' என்று யாராவது நீட்டினால் அது பெரும்பாலும் சாதாரண கேமரா படத்துக்குக் கலர் பூசியது.

அதே 25 மிமீ லென்ஸோடு 2.9 மைக்ரான் பிக்சல் உள்ள டிஜிட்டல் சென்சாரில் 100 மீட்டரில் ஒரு பிக்சல் 1.2 செ.மீ.கூட வராது. வக்கா மேல் ஐம்பது பிக்சல் விழும். சிக்கல் பிக்சல் இல்லை, வெளிச்சம். அதனால்தான் பார்க்க வேண்டியது மூன்றே விஷயம்: சென்சார் அளவு, லென்ஸின் எஃப் எண் (லென்ஸ் திறப்பின் அளவு, எண் குறைந்தால் வெளிச்சம் கூடும்), ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு.

சென்சார் 1/2.8 அங்குலமோ அதற்கு மேலோ இருக்கட்டும். குறைந்த வெளிச்சத்துக்கான சோனி ஸ்டார்விஸ் வரிசை என்றால் நல்லது. சென்சார் பெயரையே சொல்லாமல் '4கே' என்று மட்டும் கத்துகிற பெட்டியில் பெரும்பாலும் இருப்பது இழுத்துப் பெரிதாக்கிய படம். எஃப் எண் 1.2 என்றால் 2.4-ஐவிட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஜூமில் டிஜிட்டல் 8 எக்ஸுக்குக் காசு கொடுக்காதீங்க, கண்ணாடி (லென்ஸ்) ஜூம் 3 அல்லது 4 எக்ஸ் தாராளம். அதற்கு மேல் போகப் போகக் கை ஆட்டம் படத்தில் கூடும். கீழே கால் அங்குல ட்ரைபாட் துளை இருக்கிறதா என்று தடவிப் பாருங்க.

ஐஆரில் 850 நானோமீட்டர் அலைநீளமும் 940-ம் உண்டு. 850 விளக்கு மங்கலாகச் சிவப்பாகத் தெரியும், ஆனால் எட்டும். 940 கண்ணுக்கே தெரியாது, சென்சாருக்கும் பாதி தெரியாது. கழிமுகத்துக்கு 850 போதும். தூரம் இரண்டு மடங்கானால் விளக்கு வெளிச்சம் கால் பங்காகும் என்பதை மறக்காதீங்க. கருவியோடு ஒட்டிய குட்டி விளக்கை நம்பாமல், குவிக்க முடிகிற தனி 850 டார்ச் ஒன்று வாங்குங்க. அதைக் கருவி மேல் மாட்டாமல் ஒரு கை நீளம் தள்ளிப் பிடிக்க வேண்டும். எண்ணூர், காட்டுப்பள்ளி காற்றில் உப்பு ஈரமும் தூசும் சேர்ந்து நிற்கும். லென்ஸுக்குப் பக்கத்திலிருந்தே விளக்கடித்தால் பனியில் ஹைபீம் போட்ட மாதிரி முன்னால் வெள்ளைத் திரைதான் தெரியும். பக்கத்தில் ஒரு நாணல் இலை குறுக்கே வந்தாலும் அதே கதி: இலை பளீர் என்று எரியும், பின்னால் எல்லாம் கறுப்பு.

பெரிய ஸ்கிரீன் உள்ளதை வாங்காதீங்க. அந்த வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும், பறவை முதலில் பார்ப்பது உங்கள் மூஞ்சியைத்தான். ரப்பர் கண்மூடி உள்ளதே சரி. அதிலும் பிரைட்னஸைக் கடைசிக்கு இறக்குங்க. இருட்டுக்குப் பழகிய கண் ஒருமுறை கூசினால் திரும்பப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும்.

பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ வாங்கினால் கடை டியூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டாதீங்க. மாடிப்படி இருட்டுக்குக் கொண்டு போங்க. ஐஆரை ஆஃப் செய்து கையை ஆட்டிப் பாருங்க. கைக்குப் பின்னால் வால் மாதிரி இழுத்தால் ஃப்ரேம் ரேட்டைக் குறைத்துத்தான் வெளிச்சம் காட்டுகிறது, பறக்கிற பறவை அதில் புகைதான். பிறகு ஐஆரைப் போட்டு செல்ஃபோன் முன்கேமராவில் விளக்கைப் பாருங்க, எல்லா எல்இடியும் எரிகிறதா என்று பெரும்பாலான ஃபோனில் தெரிந்துவிடும். லென்ஸை மூடி ஸ்கிரீனைப் பாருங்க, நிலையாக நிற்கிற வெள்ளைப் புள்ளி கெட்டுப்போன பிக்சல்.

பேட்டரி 18650 வகை (உருளை வடிவ லித்தியம் செல்) என்றால் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்ததைத் தொடவே வேண்டாம். அந்த அளவில் நிஜமாகக் கிடைப்பது பெரும்பாலும் 3500 பக்கம்தான். டைப்-சி வழியாக பவர் பேங்க் சொருகினால் ஓடிக்கொண்டே இருக்கிறதா என்றும் கடையிலேயே பாருங்க. சில கருவி சார்ஜ் ஏறும்போது அணைந்துவிடும்.

எண்ணூரில் துறைமுகம், அனல்மின் நிலையம், மணலி பக்கம் சுத்திகரிப்பு ஆலை என்று காவல் உள்ள இடம் நிறைய. அந்தச் சுவர் பக்கம் கருவியைத் திருப்பினால் விளக்கம் சொல்லியே விடிந்துவிடும். பழவேற்காடு சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வாங்கிக்குங்க.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியில் உப்பைத் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்க. தோல் உறையில் மூடி பீரோவில் வைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் லென்ஸில் பூஞ்சை பூத்திருக்கும்.