யானைமலையைக் காலியாக வரையாதீர்கள்

மதுரையில் ஓவியக் கண்காட்சி என்றால், ஊருக்கு வெளியே யானை படுத்ததுபோலக் கிடக்கும் பாறைக் குன்றான யானைமலை இல்லாமல் இருக்காது. காலை வெளிச்சம், முன்னால் வயல், தாமரைக் குளம். மலையை ஒட்டிப் போகும் மேலூர் ரோடு இருக்காது, பக்கத்து ஊரான ஒத்தக்கடை இருக்காது. கீழே ‘மண்ணின் அடையாளம்’ என்று தலைப்பு. எனக்குச் சண்டை இங்கேதான்.

நிலக்காட்சியை வைத்து ஒரு நாட்டுக்கு முகம் செய்வது பழைய வேலை. கனடாவில் ‘குரூப் ஆஃப் செவன்’ ஓவியர்கள் 1920-இல் முதல் கண்காட்சி வைத்தார்கள். வடக்கத்தியப் பாறை, ஏரி, காற்றில் முறுக்கிய பைன் மரம், இதுதான் கனடா என்றார்கள். அவர்களுக்கு முன்னோடி டாம் தாம்சன். குழு உருவாகும் முன்பே, 1917-இல் இறந்துபோனார். அவருடைய ‘ஜாக் பைன்’ எனக்கு ரொம்பப் பிடித்த படம், அது வேறு விஷயம். ஆனால் அந்தப் புகழ்பெற்ற படங்கள் பலவற்றில் ஆளே இல்லை. காலங்காலமாக அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் எங்கே என்று பின்னால் கேட்டார்கள். ஆளில்லாத நிலத்தை யார் வேண்டுமானாலும் சொந்தம் கொண்டாடலாமே.

நம் ஊருக்கும் இது நடந்தது. ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் மதுரை வந்தார்கள். நாயக்கர் அரண்மனையின் இடிபாட்டை வரைந்து 1798-இல் அச்சிட்டார்கள். இடிந்து கிடந்தது உண்மைதான். ஆனால் லண்டனில் அதைப் பார்த்தவருக்கு, கவனிக்க நாதியில்லாத ஊர் என்றுதானே தோன்றியிருக்கும்?

சரி, யானைமலைக்கு வருவோம். சமணர் தங்கிய குகையில் ஏறத்தாழ 2000 ஆண்டு பழைய தமிழி எழுத்தில் ‘இவகுன்றம்’ என்று வெட்டியிருக்கிறது. இவம் என்றால் யானை. அப்போதே அது யானைக் குன்றுதான். பின்னால் வந்த திருவிளையாடல் கதையோ, சமணர் ஏவிய யானையைச் சொக்கநாதர் வீழ்த்திக் கல்லாக்கினார் என்கிறது. மலையின் அடிவாரத்தில் 770-இல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி தொடங்கிய நரசிங்கப் பெருமாள் குடைவரை. மேலே பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள், சுதையில் இன்னும் ஒட்டியிருக்கும் வண்ணம். ஒரே பாறைக்கு இத்தனை பேர் உரிமை கோரியிருக்கிறார்கள். 2010-இல் இந்த மலையில் சிற்ப நகரம் அமைக்கிறோம் என்று அரசு கிளம்பியபோது, மலையை விடமாட்டோம் என்று எதிர்த்தவர்கள் சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

நம் நவீன ஓவியர்கள் அடையாளத்தை நிலத்தில் அதிகம் தேடவில்லை என்பது என் எண்ணம். சென்னையின் நவீன ஓவியத்துக்கு முன்னோடியான கே.சி.எஸ். பணிக்கரே நீர்வண்ண நிலக்காட்சிகளில் தொடங்கி, 1963 வாக்கில் எழுத்தும் குறியும் நிரம்பிய படங்களுக்குப் போய்விட்டார். மிச்சமிருந்த நிலக்காட்சியைக் காலண்டர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது எதற்கெடுத்தாலும் ‘ஐந்திணை’ என்று தலைப்பு வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் தொல்காப்பியம், ஒவ்வொரு திணைக்கும் உரியவை என்று சொல்லும் கருப்பொருளில் தெய்வத்தோடு உணவையும் பறையையும் தொழிலையும் சேர்த்துச் சொல்கிறது. வேலை செய்கிற ஆள் இல்லாமல் என்ன திணை?

மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்கு அறுத்த குன்றுகளைப் பாருங்கள். கேக் வெட்டியதுபோல நேர்க்கோட்டில் முகம், கீழே பள்ளத்தில் பச்சையாகத் தேங்கிய தண்ணீர். அதைப் பெரிய கித்தானில் வரைய வேண்டும் என்று ஓர் ஓவிய நண்பரிடம் சொன்னேன். விற்காது என்றார். விற்காமல் போகட்டும் அண்ணே, முதலில் வரையுங்கள்.