1913 வேலைநிறுத்தம் தொடங்கியது கரும்பில் அல்ல, கரியில்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியத் தொழிலாளர் நடத்திய போராட்டம் பற்றி, "1913 வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டத்தில் தொடங்கியது, நியூகாசில், டண்டீ பக்கம் நமக்குப் பார்க்க ஒன்றுமில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு. தொடங்கியதே நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில்தான், அக்டோபர் நடுவில். காந்தியின் சத்தியாக்கிரகத் தோழர் தம்பி நாயுடுவும் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும் ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மீது விதித்த ஆண்டுக்கு 3 பவுன் வரியைச் சொல்லித் தொழிலாளரை வெளியே அழைத்தார்கள். கரும்புத் தோட்டங்கள் எழுந்தது நவம்பரில்.

டண்டீ போனால் தலானா அருங்காட்சியகத்தில் போயர் போர்க்களத்தோடு திரும்பிவிடாதீர்கள், நிலக்கரிப் பகுதியும் இருக்கிறது. சுடர் எரியும் பழைய சுரங்க விளக்கின் சூட்சுமம் அதன் கம்பி வலையில்: சூட்டை இழுத்துக்கொள்வதால் தீ வெளியே தாவாது. சுடர்மேல் நீலத் தொப்பி தெரிந்தால் தீப்பிடிக்கும் வாயுவான மீத்தேன் இருக்கிறது. சுடர் மங்கினால் பிராணவாயு குறைவு. மீத்தேன் கூரையில் தேங்கும், கரியமில வாயு தரையில். கைவிட்ட சுரங்கவாய்க்குள் செல்போன் வெளிச்சத்தில் நுழைபவருக்கு இரண்டுமே தெரியாது. வாசலோடு நின்றுகொள்ளுங்கள்.