மெஷினைக் கழட்டி வைத்தால் திமிரா?

குடும்பக் குழுவில் ஓடிய அந்த வாய்ஸ் மெசேஜைப் பற்றி இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு இவ்வளவு போதும்: வளைகாப்பில் சாப்பிட்டு முடித்த கையோடு, காது மெஷினைக் கழட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு மண்டபத்து அறையில் போய்த் தனியாக உட்கார்ந்தேன். அதற்கு, "டீச்சரம்மாவுக்கு நம்ம பேச்சைக் கேட்கப் பிடிக்கலை, அதான் ஆஃப் பண்ணிட்டாங்க" என்று மாமாவின் விளக்கம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். வாய்ஸ் மெசேஜில் உதடு தெரியாது என்பதால் அதை என் மகள்தான் எழுதிக் காட்டினாள். எழுதும்போதே அவள் முகம் சுண்டிவிட்டது.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஸ்டாஃப் ரூமில் ஒருவர், "மெஷின்தான் மாட்டியாச்சே, இன்னும் ஏன் என்னது என்னதுன்னு கேட்கறீங்க?" என்றார். சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மெஷின் மாட்டிக்கொண்டு கேட்பது ஒரு வேலை. உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலை என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. சாயங்காலம் நாலு மணிக்குத் தலை கனத்து, கண் எரிந்து, பக்கத்தில் இருப்பவர் பேசும் தமிழே வெறும் இரைச்சலாகிப் போகும் அளவுக்கு அலுக்கிற வேலை. அலுத்தவள் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்தாள். நடந்தது இவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒலி பாடம் நடத்துகிறவள் நான். அதனால் கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உட்காதில் காக்ளியா என்று நத்தை வடிவத்தில் ஓர் உறுப்பு. பிறக்கும்போது அதில் காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கும். மனிதருக்கு அவை போனால் போனதுதான், திரும்ப முளைக்காது. பெரும்பாலும் முதலில் போவது கீச்சு ஒலிகளைப் பிடிக்கிற செல்கள். பேச்சில் ஆ, ஓ, ஊ எல்லாம் கனமான ஓசைகள், அவை எனக்கு இன்றும் கேட்கின்றன. மெய்யெழுத்துகளின் கூர்மையில் பெரும்பகுதி 2,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேலே, அதாவது கீச்சுப் பக்கத்தில், அதுவும் மெலிதாக இருக்கிறது. அந்த இடம்தான் எனக்குப் போய்விட்டது. அதனால் ஒருவர் பேசுவது கேட்கும், பேசியது என்ன என்று பிடிபடாது. ‘கட்டி’ என்றாரா, ‘தட்டி’ என்றாரா, ‘பட்டி’ என்றாரா? முன்னே வந்த சொல், உதட்டின் அசைவு, பேசுகிறவரின் சுபாவம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து மூளை ஒரு முடிவுக்கு வருகிறது. அது முடிவுக்கு வருவதற்குள் அவர் அடுத்த வாக்கியத்தில் பாதி போய்விடுகிறார். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் சொற்கள் நம் காதில் விழுகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

மெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தரும். எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவோ அந்தந்த இடத்தில் அவ்வளவு கூட்டித் தரும். செத்துப்போன செல்லை அது உயிர்ப்பிக்காது. கூட்டிக் கழிக்கிற வேலை இன்னும் என் தலைக்குள்தான் நடக்கிறது. சிரமப்பட்டுக் கேட்கும்போது கண்ணின் பாப்பா விரிகிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். இது நான் கிளப்பிவிட்ட கதை இல்லை.

புது மெஷினின் ஆரம்ப நாட்களில் இன்னொரு பாடும் உண்டு. வருஷக்கணக்காகக் காதில் விழாத சத்தமெல்லாம் ஒரே நாளில் திரும்பி வரும். பிளாஸ்டிக் கவர் கசங்குவது, விடைத்தாள் புரட்டுவது, பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் டம்ளர் விழுவது, என் வாய்க்குள் அப்பளம் நொறுங்குவது எல்லாம் பேச்சுக்குச் சமமாக முன்னால் வந்து நிற்கும். என் குரலே எனக்குத் தலைக்குள்ளிருந்து முழங்கும். எதை ஒதுக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளை புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். காதைச் சோதித்து மெஷினைப் பொருத்தித் தருகிற ஆடியாலஜிஸ்ட்டும் முதல் நாளே முழு அளவையும் திறந்துவிடவில்லை. குறைத்து வைத்து, போகப் போகக் கூட்டுகிறார்.

இந்த நிலையில் என்னை வளைகாப்பில் உட்கார வைத்திருக்கிறீர்கள். கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கீச்சிலும் கீச்சு. மெஷின் எனக்கு அதிகம் கூட்டித் தருவது அந்த இடத்தில்தான். இரண்டு கை நிறைய வளையலோடு பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்கள். ஒவ்வொரு அசைவும் காதுக்குள் சுருக் சுருக்கென்று இறங்குகிறது. பின்னால் நாதஸ்வரம், தவில். இரண்டு பெரிய ஸ்பீக்கர். கான்கிரீட் கூரையில் மோதித் திரும்பி வரும் எதிரொலி. இதற்கு நடுவில் என் நாத்தனார் மகள் தன் மாமியாரைப் பற்றி ரகசியக் குரலில் ஏதோ சொல்கிறாள். முழுக்கப் புரிந்த மாதிரி நானும் தலையாட்டினேன்.

பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலை மட்டும் எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்று காலின் செர்ரி என்ற விஞ்ஞானி 1953இலேயே கேள்வி எழுப்பி ஆராய்ந்தார். நல்ல காதும் மூளையும் சேர்ந்து சத்தமில்லாமல் செய்துவிடுகிற காரியம் அது. மெஷின்களுக்கு இன்றும் பெரிய சவால். முன்னால் இருப்பவர் குரலைத் தூக்கிக் கொடுக்க மைக் இருக்கிறது, கிட்டே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசினால் உதவுகிறது. நாலு பக்கமிருந்தும் நாலு பேர் பேசினால் அது என்ன செய்யும்?

"கண்ணாடி போட்டா உடனே பளிச்சுனு தெரியுதே, இதுக்கு மட்டும் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: கண்ணாடி, கண்ணுக்கு முன்னால் ஒளியைச் சரியாகக் குவித்துக் கொடுக்கிறது, பின்னால் விழித்திரை நன்றாக இருக்கிறது. எனக்குக் கெட்டது விழித்திரைக்குச் சமமான பகுதி. இதற்கு மேல் இதை எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"நாள் முழுக்கப் போடணும்னு டாக்டரே சொல்றாராமே?" ஆமாம், சொல்கிறார். விழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டால்தான் பழகும் என்பது உண்மை. நானும் பள்ளியில், கடையில், வீட்டில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதே ஆடியாலஜிஸ்ட் இன்னொன்றும் சொன்னார். முதலில் அமைதியான வீட்டில் ஒருவரோடு ஒருவராகப் பேசிப் பழகுங்கள், செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள், கூட்டமான இடத்துக்குக் கடைசியாகப் போங்கள், அலுத்தால் அமைதியான அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் கழட்டி வைத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள், வலித்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே வந்து சரிசெய்துகொள்ளுங்கள் என்றார். நான் செய்தது அவர் சொன்னதைத்தான். இதற்காகவே படித்துப் பட்டம் வாங்கியவர் சொன்னதை விட, ஃபார்வர்டு மெசேஜ் படிக்கிறவர்கள் சொல்வது பெரிதா?

ஃபார்வர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. காது கேட்காவிட்டால் மறதி நோய் வரும் என்று ஒன்றை எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார்கள். லான்செட் மருத்துவ இதழின் குழு 2020இல் டிமென்ஷியா என்ற அந்த மறதி நோய்க்குச் சொன்ன, மாற்றக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளில் செவித்திறன் குறைவும் ஒன்று. எனக்குத் தெரியும். தெரிந்துதான் லட்ச ரூபாய்க்கு மேல் கடன் போட்டு மெஷின் வாங்கினேன். என்னைப் பயமுறுத்துவதற்குச் செலவழித்த நேரத்தில் ஸ்பீக்கர் வால்யூமைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மூளைக்கு இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்து வகுப்பு சாருக்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டதாம். நல்லது. அவர் காது வேறு, என் காது வேறு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "அவளுக்கு வேணுங்கறது மட்டும் நல்லாக் கேட்கும்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எதிரே உட்கார்ந்து, வெளிச்சத்தில், கனத்த குரலில், நான் எதிர்பார்க்கிற விஷயத்தைப் பேசினால் எனக்குக் கேட்கும். அடுப்படியிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு, மிக்ஸி ஓடும்போது பேசினால் கேட்காது. காலையில் கேட்டது களைத்துப் போன மாலையில் கேட்காது. மெதுவாகச் சொன்னால் கேட்காது என்று கத்தினாலும் பயனில்லை. இந்த மாதிரிக் காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது, கொஞ்சம் கூடினால் சட்டென்று தாங்க முடியாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். அந்தக் குறுகலான இடத்தில் நின்றுதான் நான் பாடம் நடத்துகிறேன், நாற்பது பிள்ளைகள் கேட்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 டெசிபல் (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு) இழப்பு இருந்தால்தான் கேட்புக் குறைபாடு உள்ளவர் என்ற கணக்கில் வர முடியும். எனக்கு அவ்வளவு இல்லை. சர்க்கார் கணக்கில் எனக்குக் குறைபாடே இல்லை, சொந்தக்காரர்கள் கணக்கில் நான் செவிடு.

இந்தப் பேச்சை நான் முதலில் கேட்டது என் அம்மாவைப் பற்றி. அம்மா ராஜபாளையம் பக்கத்து நூற்பாலை ஒன்றில், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் இரையும் பகுதியில் வேலை பார்த்தார். எட்டு மணி நேர ஷிஃப்டில் சத்தத்துக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு என்று விதி சொல்கிறது. அங்கே யார் அளந்தார்கள்? பெண்கள் உதட்டையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். காதில் கொஞ்சம் பஞ்சைச் செருகிக்கொள்வார் அம்மா. பஞ்சு அந்தச் சத்தத்தைத் தடுக்காது என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. வேலையை விட்டு நின்றபோது காதும் போயிருந்தது.

வாய்ஸ் மெசேஜ் போட்ட இதே மாமாதான் அம்மாவுக்கு ஒரு பாக்கெட் மெஷின் வாங்கிக் கொடுத்தார். அக்காவுக்கு என்று ஆசையாகத்தான் வாங்கினார், அதை நான் மறக்கவில்லை. பரிசோதனை எதுவும் கிடையாது, கடையில் காசைக் கொடுத்து வாங்கி வந்தது. ஜாக்கெட்டில் அதைச் செருகிக்கொண்டால் சேலைத் தலைப்பு மைக்கில் உரசி உரசிக் கரகரவென்று இரையும். அம்மா குனிந்தால் இரையும், நிமிர்ந்தால் இரையும். கொஞ்ச நாள் பொறுத்துவிட்டுப் பீரோவில் வைத்துவிட்டார். அதற்கு அப்புறம் அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு விசேஷத்திலும் "காசைக் கொட்டி வாங்கிக் கொடுத்தேன், பீரோவுல தூங்குது" என்ற பேச்சு வரும். அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கேட்காததால் சிரிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். உதடு படித்தே ஷிஃப்ட் பார்த்தவருக்கு அந்த ஒரு வரியா புரியாமல் போயிருக்கும்? ஏன் கழட்டினாய் என்று ஒருத்தராவது அவரிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால், சேலை உரசுகிறது என்று சொல்லியிருப்பார். எவ்வளவு சின்ன விஷயம். கேட்கவே இல்லை.

அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். அம்மாவைப் போலச் சிரித்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

மாமா, குழந்தைக்குப் பெயர் வைக்கிற அன்றைக்கும் நான் வருவேன். மெஷினோடுதான் வருவேன். பேச வேண்டும் என்றால் ஸ்பீக்கர் பக்கம் இல்லாமல் சுவரோரமாக என் எதிரே உட்காருங்கள், உங்களோடு பேச எனக்கும் ஆசைதான். சாப்பாட்டுக்கு அப்புறம் கழட்டி வைத்துவிட்டு மாடி அறையில் படுத்திருப்பேன். என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் குரல் கொடுக்காமல் மேலே வந்து தோளைத் தொட்டு எழுப்புங்கள்.