திலகவதி துக்கப் பெயர் அல்ல

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. தாய்மாமன் என்ற உரிமையில் திலகவதி என்று பெயர் வைக்கலாம் என்றேன். பழைய பெயர், கூப்பிட நீளம் என்று சிலர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர் ஒருவர், "நிச்சயம் பண்ணினவனைப் பறிகொடுத்த பொண்ணோட பேரு நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்டது இரண்டு நாளாக மனத்தை அறுக்கிறது. கடலூர் மண்ணில் பிறந்தவர்கள் இப்படிச் சொல்லலாமா?

திலகம் நெற்றியில் இடும் பொட்டு. திருமுருகாற்றுப்படையிலேயே மணம் கமழும் நெற்றியில் திலகம் இட்ட மகளிர் வருகிறார்கள். 'வதி' என்றால் உடையவள். காரைக்கால் அம்மையாரின் இயற்பெயரான புனிதவதியிலும் இதே ஈறுதான். குலத்தில் சிறந்தவரைக் குலத்திலகம் என்பதால், சிறப்பு என்ற பொருளும் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

அகராதி அத்தோடு நின்றுவிடும். நம் பக்கத்தில் இந்தப் பெயருக்கு 'அக்கா' என்றும் ஒரு பொருள் உண்டு என்பேன். பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பிறந்த திலகவதியார் பெற்றோரை இழந்தார். மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த அவர், தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து அழுததால், அந்தத் தம்பி வாழவேண்டும் என்பதற்காகவே உயிர் தாங்கியிருந்தார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடுகிறார். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர்.

சமணம் சேர்ந்து தருமசேனர் ஆன தம்பி, சூலை என்னும் கொடிய வயிற்று வலியில் துடித்து, ஓர் இரவில் திருவதிகை மடத்தில் இருந்த அக்காவிடம் வந்து விழுந்தபோது, அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. திருநீறு கொடுத்தார், பொழுது விடியும் முன் துடைப்பமாகிய திருவலகும் சாணம் கரைக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கோயிலுக்கு அழைத்துப் போனார். முதல் தேவாரம் அங்கே பிறந்தது. பிற்காலத்தில் திருவாரூர்த் திருத்தாண்டகத்தில், புலர்வதற்கு முன் அலகிட்டு, மெழுக்கிட்டு, பூமாலை புனைந்து பாடு என்று நாவுக்கரசர் தம் நெஞ்சுக்குச் சொல்லும்போது, அந்த விடியற்காலையில் அக்கா கையில் இருந்த துடைப்பமும் தோண்டியும்தான் என் கண்முன் வருகின்றன. இத்தனைக்கும் நாயன்மார் அறுபத்துமூவரில் உள்ள மூன்று பெண்களில் திலகவதியார் இல்லை.

நான் படித்த வகுப்பில் இரண்டு திலகவதிகள் இருந்தார்கள். ஆசிரியர் அப்பா பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார். என் மகள் வகுப்பில் ஒருத்திகூட இல்லை. காட்டுக்குப் போன சீதையின் பெயரையும், கணவனைப் பறிகொடுத்த கண்ணகியின் பெயரையும் பெண்களுக்கு வைத்துவிட்டு, திலகவதியை மட்டும் ராசியில்லாதவள் என்று ஒதுக்குவது எந்த நியாயம்? கலிப்பகையார் இறந்தது அந்தப் பெண்ணின் குற்றமா? கணவனை இழந்தவர்களைச் சுபகாரியத்தில் பின்வரிசையில் உட்காரவைக்கும் அதே மனம்தான் இந்தப் பெயரையும் தள்ளிவைக்கிறது என்று நினைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை.

தங்கை இன்னும் முடிவு சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது என்பதால் அவசரமும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு திருவதிகை போகிறோம். திலகவதியார் சந்நிதி முன்னால் நின்று, குழந்தையை அந்தப் பெரியவரே ஒருமுறை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.