50 காசுக்கு ஒரு ஊர்

போன வாரம் தங்கச்சி தஞ்சாவூரிலிருந்து போன் பண்ணினாள். "அண்ணே, பத்தாவது பரீட்சை முடிஞ்சதுலேருந்து பய போனைக் கீழ வைக்க மாட்டேங்கிறான். எதையாச்சும் சேத்து வைக்கிற பழக்கத்த உண்டாக்கி விடலாம்னு பாக்குறேன். பழைய நாணயம் வாங்கிக் குடுக்கட்டா? ஆன்லைன்ல ஒரு பாக்கெட் ஆயிரத்து இருநூறு ரூவா போட்டிருக்கான்."

வேண்டவே வேண்டாம் என்றேன். பாக்கெட்டாக வந்து இறங்கினால் அன்றைக்கு சாயங்காலமே அலுத்துவிடும். தேடி எடுத்தது அவன் இல்லையே. சோழர் காசு, நாயக்கர் காசு என்று சொல்லி விற்பதில் போலி ஏராளம், விவரம் தெரிந்த பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். வயலில் உழும்போது கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் அதுவும் வம்புதான். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது.

நான் சேர்ப்பது தபால் முத்திரை. ஸ்டாம்பைச் சொல்லவில்லை, அதன் மேல் குத்துகிறார்களே, வட்டமாக, ஊர் பேரும் தேதியும் போட்டு, அதைச் சொல்கிறேன். ஒரு ஊருக்குப் போகிறேன். அந்த ஊர் போஸ்ட் ஆபீஸில் என் விலாசத்துக்கே ஒரு கார்டு எழுதிக் கொடுக்கிறேன். ரெண்டு மூணு நாளில் மன்னார்குடிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான். 1879 ஜூலை 1ஆம் தேதி கால் அணாவுக்கு வந்த போஸ்ட் கார்டு இன்றைக்கு 50 காசு. டீ 15 ரூபாய் விற்கிறது, அந்தக் காசுக்கு 30 கார்டு. சின்ன ஆபீஸ்களில் பல சமயம் கார்டு இருப்பு இருக்காது, அதனால் பெரிய ஆபீஸில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெண்டு விஷயம் மட்டும் கவனம். கார்டைப் பெட்டியில் போடக் கூடாது. டவுனில் அப்படிப் போட்டால் ஊர் முத்திரைக்குப் பதிலாக, தபால்களை ஊர்வாரியாகப் பிரித்து அனுப்புகிற ஆர்எம்எஸ் ஆபீஸ் முத்திரை விழுந்துவிடலாம். உள்ளே போய்க் கையில் கொடுத்து, "சார், கொஞ்சம் அழுத்திக் குத்துங்க, சேத்து வைக்கிறேன்" என்று கேளுங்கள். ஒரு ஆபீஸில் மூஞ்சியில் அடித்த மாதிரி முடியாது என்றார்கள். மற்ற எல்லா இடத்திலும், ஒரு கிளை அஞ்சலகத்து அம்மா செய்ததைத்தான் செய்தார்கள். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் ரெண்டு தடவை குத்தி மை சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் கார்டுக்கு அடியில் ரப்பர் ஷீட்டை வைத்து, ஒரே குத்து. தேதியில் ஒரு எண் கூடச் சிதறவில்லை. "யாருமே கார்டு எழுதுறதில்ல தம்பி, நீங்களாச்சும் வந்தீங்களே" என்றார். அந்தக் கார்டை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவர் குரல்தான் கேட்கிறது.

நான் சேர்த்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தவை தண்ணிக் கார்டுகள். மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, ஒவ்வொரு ஊருக்கும் தண்ணி வருகிற நாளில் அந்த ஊரிலிருந்து ஒரு கார்டு. பின்பக்கம் 'வந்துடுச்சு' என்ற ஒரு வார்த்தைதான் எழுதுவேன். முதலில் திருவையாறு, அப்புறம் கும்பகோணம், குடவாசல், கடைசியில் கடைமடைப் பக்கம். வரிசையாகத் தரையில் அடுக்கினால் ஆறு எத்தனை நாளில் எங்கே போனது என்று தேதியே சொல்லிவிடும். 2022இல் மே 24ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். அந்த வருஷத்துத் திருவையாறு கார்டில் மே மாசம். 2024இல் ஜூலை 28 வரை காத்துக் கிடந்தோம். அந்தக் கார்டில் ஆகஸ்ட். குறுவை போடாமல் விட்டவன் வயிற்றெரிச்சல் அந்த ஒரு வட்டத்துக்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். பணக்காரன் ஏலத்தில் எடுக்கிற எந்த ஸ்டாம்பிலும் எனக்கு இது கிடைக்காது.

பின்கோடு இன்னொரு சுவாரசியம். 1972 ஆகஸ்ட் 15இல் அது வந்தபோது இந்தப் பக்கம் முழுக்க ஒரே தஞ்சாவூர் ஜில்லா. நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் தனியாகப் பிரிந்தன. எண் மாறவில்லை. மயிலாடுதுறை 609001. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்கால், இன்றைக்கும் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதற்கும் 609602. டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன தரங்கம்பாடிக்கும் அதே 609தான். வேளாங்கண்ணி 611111, பிள்ளைகள் அதைக் கேட்டால் குதிப்பார்கள். தெரிந்தவர்கள் வீட்டுப் பரண்களில், மயிலாடுதுறையின் பழைய பேரான 'மாயூரம்' என்று குத்திய கார்டு கிடைத்தால் விடாதீர்கள். சாவுச் செய்தி கார்டு மட்டும் எந்தப் பரணிலும் இருக்காது. படித்த உடனே கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடிகாலையில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது. டிரங்குப் பெட்டி மூடி திறந்துகொண்டு, முந்நூற்றுச் சொச்சம் கார்டும் தண்ணியில். தென்னை போனவர்கள் அழுதுகொண்டிருந்த ஊரில் காகிதத்துக்காக வாய் திறக்க முடியுமா? கரண்ட் இல்லாத மூன்று வாரமும் கூடத்தில் பழைய பேப்பரை விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, திருப்பிப் போட்டு உலர்த்தினேன். இங்க் பேனாவில் நான் எழுதியதெல்லாம் கரைந்து நீலத் திட்டாகிவிட்டது. முத்திரை மை எண்ணெய் மை, அது அசையவில்லை. ஊர் பேர் அப்படியே, தேதி அப்படியே. அன்றிலிருந்து பால் பாயிண்டில்தான் எழுதுகிறேன். பூச்சிக்கு வசம்பு, கிராம்பு, மிளகை இடித்து, துணியில் முடிந்து பெட்டியில் போடுகிறேன். சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வைக்கிற முறைதான்.

தங்கச்சியிடம் இதைத்தான் சொன்னேன். பையனைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறு, உனக்கு டிக்கெட் கிடையாது, அவனுக்கு மட்டும் எடுத்தால் போதும். ஊரை அவன் தேர்ந்தெடுக்கட்டும், கவுண்டரில் அவனே பேசட்டும். அவன் கார்டுகளை எனக்குப் போடச் சொல்லு, பத்து சேர்ந்ததும் ஆல்பத்தோடு நானே கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன்.

நேற்று முதல் கார்டு வந்தது. பூதலூர். முத்திரை சாய்ந்து பாதிதான் விழுந்திருக்கிறது, தேதி இருக்கிறது, ஊர் பேரில் பின்பாதி இல்லை. கீழே பால் பாயிண்டில் எழுதியிருக்கிறான்: "மாமா, இது சரியா விழல. வெள்ளிக்கிழமை திரும்பப் போறேன்."